பார்லித் தண்ணியில் கரையாத கட்டி

மு.கு: நீளமான பதிவு. கொஞ்சம் கோபமான பதிவும் கூட. வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் கடைசி வரை படியுங்கள். இல்லாவிட்டாலும் படியுங்கள், என்றைக்காவது ஒருத்திக்குச் சொல்ல உதவும்.

போன வாரம் எங்கள் அபார்ட்மெண்ட் தமிழ்க் குழுவில் ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு வந்தது. விஷயம் இதுதான். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் போடும் "ரத்தம் இளக்கும் ஊசி" ஆஸ்பத்திரிக்காரர்களின் புதுக் கொள்ளையாம். நம் பாட்டிமார் பத்துப் பெற்றார்களாம், ஒரு ஊசி போட்டார்களா? கால் வீங்கினால் பார்லித் தண்ணி, மூச்சு வாங்கினால் ஓய்வு, அவ்வளவுதானாம். அதிகம் பகிரச் சொல்லியிருந்தது. கீழே வரிசையாகக் கைகூப்புகள், கட்டைவிரல்கள்.

போட்டவர் நல்ல மனுஷர். ஊர்ப்பக்கத்து அண்ணாச்சி. தண்ணி லாரி வராத நாளில் வீடு வீடாகப் போய் உதவி செய்கிறவர். அவர் வீட்டிலேயே மகள் உண்டாகியிருக்கிறாள், இரட்டைக் குழந்தை, டாக்டர் அந்த ஊசியை எழுதிக் கொடுத்திருக்கிறார். அதனால்தான் இந்த ஆராய்ச்சி. அதனால்தான் எனக்கும் ராத்திரி தூக்கம் வரவில்லை.

முதலில் அந்தப் பத்துப் பெற்ற பாட்டி. பிழைத்துக் கிடந்தவர்களைத்தானே நாம் பாட்டி என்று கூப்பிட்டோம்? செத்துப் போனவளை யார் பாட்டி என்று கூப்பிட்டார்கள்? எங்கள் குடும்பத்தில் அவளுக்குப் பெயர்கூட இல்லை, "தாத்தாவோட மொத சம்சாரம்", அவ்வளவுதான். பிள்ளை பெற்ற பதினோராம் நாள் எழுந்து கொல்லைக்குப் போனவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாளாம். முனி அடித்தது என்று சொல்லி முடித்துவிட்டார்கள். என்ன நோய் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லப் போவதில்லை. ஆனால் "பாட்டிகள் நன்றாகத்தான் இருந்தார்கள்" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பெயர் தெரியாத பெண்தான் ஞாபகத்துக்கு வருகிறாள்.

என் கதை, சுருக்கமாக

சொந்த ஊர் கோவில்பட்டி. வைட்ஃபீல்டுக்கு வந்தது 2009-ல். எனக்கு ஐடிபிஎல் பக்கம் டெஸ்டிங் வேலை, ரங்கமணிக்கு அவுட்டர் ரிங் ரோடில். எட்டு வருஷம் பிள்ளையில்லை. கடைசியில் ஐவிஎஃப். 2018-ல் நின்றது. அப்போது வயது 36. எடை விஷயம் சொல்ல வேண்டாமென்று பார்த்தேன், ஆனால் கணக்குக்கு வேண்டும்: பிஎம்ஐ 31.

இந்த மாதிரிக் குழந்தைக்கு இங்கே ஒரு பட்டம் உண்டு. "ப்ரெஷியஸ் பேபி". (மற்ற குழந்தைகளெல்லாம் சும்மா வந்ததா என்று கேட்கக்கூடாது.) அந்தப் பட்டம் கிடைத்த நாளிலிருந்து நான் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்றாகிவிட்டது. எந்த டாக்டரும் மருத்துவக் காரணம் சொல்லவில்லை, "ரெஸ்ட் எடுங்க" என்றார்கள். அதை வீட்டில் சட்டமாக்கிவிட்டார்கள். அம்மா போனில், "ஏட்டி, எட்டு வருசம் தவங்கெடந்து வந்த உசுரு, சும்மா படு." அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து, "நீ எந்திரிக்காதம்மா, நான் எடுத்துத் தர்றேன்." எல்லாம் அன்புதான். யாரையும் குறை சொல்லவில்லை.

ஏழாம் மாசம் வளைகாப்பு. காரில் கிளம்பினோம். சில்க் போர்டு தாண்டவே ஒன்றரை மணி நேரம். பிறகு ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம், திண்டுக்கல், மதுரை. பதினோரு மணி நேரம் ஒரே உட்கார்வு. தண்ணி குடித்தால் வழியில் சுத்தமான பாத்ரூம் தேட வேண்டும், அதனால் தண்ணியும் குடிக்கவில்லை. பெண்களுக்கு இது புரியும், ஆண்கள் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஊரில் இரண்டாம் நாள் இடது கால் வீங்கியது. கவனியுங்கள், இடது கால் மட்டும். தொடை வரைக்கும் இறுக்கமாக, சூடாக. வலது கால் பாட்டுக்கு இருந்தது. "நீர் கோத்திருக்கு" என்று பார்லித் தண்ணி வைத்தார்கள். பெரியம்மா எண்ணெய் போட்டு நன்றாக நீவியும் விட்டார்கள். நாலாம் நாள் அதே காரில் அதே பதினோரு மணி நேரம் திரும்பி வந்தோம்.

வந்த மூன்றாம் நாள் பல் தேய்க்கும்போது மூச்சு வாங்கியது. பாத்ரூமிலிருந்து கட்டில் வருவதற்குள் ஓடிவந்த மாதிரி. இழுத்து மூச்சு விட்டால் விலாவில் குத்தல். பக்கத்து க்ளினிக்கில், "குழந்தை மேலே தள்ளுது, கேஸ்" என்று மாத்திரை கொடுத்தார்கள். வழக்கமாகப் பார்க்கும் இடத்தில், "கர்ப்பத்துல மூச்சு வாங்குறது எல்லாருக்கும் வர்றதுதானேம்மா, ரொம்ப கூகுள் பண்ணாதீங்க" என்று சிரித்தார்கள். நாடியை யாரும் எண்ணவில்லை. காலை யாரும் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி மயங்கி விழுந்தேன். வேறொரு ஆஸ்பத்திரி, அவசரப் பிரிவு. அங்கே ட்யூட்டியில் இருந்தது வட கர்நாடகத்துப் பெண், படிப்பு முடித்து ரொம்ப நாள் ஆகியிருக்காது. நாடி 124. விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் 91. அவள் செய்த அடுத்த காரியம்தான் என்னைப் பிழைக்க வைத்தது. போர்வையை விலக்கி இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். டேப் எடுத்து அளந்தாள். பெரிய மெஷின் எதுவும் இல்லை, தையல்காரர் வைத்திருக்கும் அதே டேப்தான்.

படம் எடுப்பதற்கு முன்னாலேயே முதல் ஊசி போட்டுவிட்டார்கள். காலில் டாப்ளர் ஸ்கேன் சரியாகத் தெரியவில்லை, கட்டி இடுப்புக்குள் மேலே இருந்தது. பிறகு சிடி ஸ்கேன். இரண்டு நுரையீரலிலும் ரத்தக்கட்டிகள். பல்மனரி எம்பாலிசம்.

உள்ளே நடப்பது என்ன?

கர்ப்பிணியின் ரத்தம் சீக்கிரம் உறையும்படி உடம்பே ஏற்பாடு செய்து வைக்கிறது. பிரசவத்தில் ரத்தம் கொட்டிச் சாகாமல் இருக்க அது வேண்டும். அதோடு வளரும் கர்ப்பப்பை இடுப்பு நரம்புகளை அழுத்துவதால் காலிலிருந்து மேலே வரும் ரத்தம் மந்தமாகிறது. இடது காலுக்குப் போய்வரும் சிரை, வலது பக்கத் தமனிக்கு அடியில் நசுங்கிப் போகிறது. அதனால்தான் கர்ப்பத்தில் வரும் கால் கட்டிகளில் பெரும்பாலானவை இடது காலில் வருகின்றன. இதற்கு மேல் படுத்தே கிடப்பது, தண்ணி குடிக்காமல் இருப்பது, நீண்ட பயணம். தேங்கிய குட்டையில் பாசி பிடிக்கிற மாதிரி கட்டி பிடிக்கிறது. அதிலிருந்து ஒரு துண்டு கழன்று இதயம் வழியாக நுரையீரல் குழாயை அடைத்தால் அதுதான் எம்பாலிசம்.

ஆயிரம் கர்ப்பத்துக்கு ஒன்று இரண்டு பேருக்குக் காலிலோ நுரையீரலிலோ இப்படிக் கட்டி வருகிறது. அரிதுதான். ஆனால் ஆபத்து மிக அதிகமாக இருப்பது வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அல்ல, பிரசவம் முடிந்த முதல் ஆறு வாரங்களில். நாம் "அப்பாடா" என்று பெருமூச்சு விடும் அதே ஆறு வாரம்!

மருந்து வேலை செய்யுமா என்ற சந்தேகம் என்றைக்கோ தீர்ந்துவிட்டது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பாரிட், ஜோர்டான் என்ற இரண்டு டாக்டர்கள் 1960-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். எம்பாலிசம் நோயாளிகளில் ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து பெறாத 19 பேரில் 5 பேர் அதனாலேயே இறந்தார்கள். மருந்து பெற்ற 16 பேரில் எம்பாலிசத்தால் ஒருவரும் இறக்கவில்லை. பாதியிலேயே சோதனையை மாற்றி எல்லோருக்கும் மருந்து கொடுத்தார்கள். பார்லித் தண்ணிக்கு இப்படி ஒரு கணக்கு இருந்தால் ஃபார்வர்டு அனுப்புங்கள், படிக்கிறேன்.

செரீனா வில்லியம்ஸ் கேட்ட ஊசி

வாயில்லாத பெண்களுக்குத்தான் இப்படி நடக்கும் என்று நினைத்தால் தப்பு. செரீனா வில்லியம்ஸ் கதையைப் பாருங்கள். 2011-லேயே நுரையீரலில் கட்டி வந்து பிழைத்தவர். 2017 செப்டம்பர் 1-ம் தேதி ஃப்ளோரிடாவில் சிசேரியனில் மகள் பிறந்தாள். மறுநாள் மூச்சு முட்டியது. அவருக்கு உடனே புரிந்துவிட்டது. நர்ஸைக் கூப்பிட்டு, எனக்கு சிடி ஸ்கேனும் ஹெப்பாரினும் வேண்டும் என்று தெளிவாகக் கேட்டார். வலி மருந்தில் ஏதோ உளறுகிறார் என்று நினைத்தார்கள். டாக்டர் வந்து காலில் அல்ட்ராசவுண்ட் எடுத்தார், ஒன்றும் தெரியவில்லை. விடாமல் கேட்டபிறகு சிடி எடுத்தார்கள். நுரையீரலில் கட்டிகள். 2018-ல் வோக் பத்திரிகைப் பேட்டியிலும், 2022-ல் எல் பத்திரிகையில் தானே எழுதிய கட்டுரையிலும் இதைச் சொல்லியிருக்கிறார்.

உலகத்திலேயே பேர்போன விளையாட்டு வீராங்கனை. தன் நோயின் பெயர், டெஸ்டின் பெயர், மருந்தின் பெயர் மூன்றும் தெரிந்தவர். அவருக்கே இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. அப்படியானால் கன்னடம் தெரியாமல், இங்கிலீஷில் தயங்கித் தயங்கி, பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருக்க, "டாக்டர், லிட்டில் ப்ரீதிங் ப்ராப்ளம்" என்று சொல்லும் நம் பெண் என்ன ஆவாள்? அந்த "லிட்டில்" என்ற வார்த்தைதான் நம் எமன். நமக்குப் பெரிய வலியைச் சின்னதாகச் சொல்லித்தான் பழக்கம்.

இது விதி இல்லை, கணக்கு

இங்கிலாந்தில் 1952-லிருந்து ஒவ்வொரு தாய் மரணத்தையும் ரகசியமாக ஆராய்ந்து, யாரையும் தூக்கில் போடாமல், என்ன தவறியது என்று மட்டும் எழுதி வெளியிடுகிறார்கள். 2003-05 காலத்தில் ரத்தக்கட்டியால் இறந்த தாய்மார் 41 பேர். 2004-ல் யாருக்கு முன்கூட்டியே ஊசி போட வேண்டும் என்ற வழிகாட்டி வந்தது. 2006-08-ல் இறந்தவர்கள் 18. புது மெஷின் இல்லை, புது மருந்தும் இல்லை. கேள்வி கேட்டுப் புள்ளி போட்டார்கள், அவ்வளவுதான். அதற்காக அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. 2020-22 கணக்கில் அங்கே தாய் மரணங்களுக்கு முதல் காரணமாக மறுபடியும் ரத்தக்கட்டிதான் நிற்கிறது. கேள்வி கேட்பதை விட்டால் கட்டி திரும்பி வரும்.

நம் பக்கம்? இதே மாதிரி ரகசிய ஆய்வை இந்தியாவில் கேரள மகப்பேறு டாக்டர்கள் 2004-ல் தொடங்கினார்கள். தாய்மார் ஏன் இறக்கிறார்கள் என்று புத்தகமாகவே போட்டார்கள். 2018-20 கணக்கில் லட்சம் பிரசவத்துக்குத் தாய் மரணம் கேரளாவில் 19, தமிழ்நாட்டில் 54, கர்நாடகாவில் 69, நாடு முழுக்க 97. பெல்லாரியில் 2024 நவம்பரில் சிசேரியன் முடிந்த பெண்கள் அடுத்தடுத்து இறந்த பிறகுதான் கர்நாடக அரசு பெரிய தணிக்கை ஒன்றைச் செய்தது. 2024 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை 464 தாய் மரணங்கள். அதில் 70 சதவீதத்துக்கு மேல் தவிர்த்திருக்கக்கூடியவை என்று அந்த அறிக்கையே சொல்கிறது. எல்லாம் ரத்தக்கட்டி இல்லை, பெருமளவு வேறு காரணங்கள். ஆனால் "விதி முடிஞ்சிருச்சு" என்று நாம் சொல்லும் இடத்தில் அரசாங்கமே "தவிர்த்திருக்கலாம்" என்று எழுதியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

"நம்ம ஊர்க்காரங்களுக்கு ரத்தம் உறையாது, அது வெள்ளைக்காரன் வியாதி" என்று இன்னொரு கதை உண்டு. வேலூர் சிஎம்சி டாக்டர்கள் பத்து வருஷ நோயாளிகள் கணக்கைத் தொகுத்து 2009-ல் வெளியிட்டார்கள். பத்தாயிரம் உள்நோயாளிகளுக்குப் பதினேழு பேர் வீதம் ஆழ்சிரைக் கட்டி. எந்த வெள்ளைக்காரன் வேலூரில் படுத்திருந்தான்? அதே காலத்தில் நடந்த எண்டோர்ஸ் என்ற பன்னாட்டு ஆய்வில், கட்டி வரும் ஆபத்துள்ள இந்திய உள்நோயாளிகளில் சரியான தடுப்பு பெற்றவர்கள் 17.4 சதவீதம்தான். (அது கர்ப்பிணிகள் கணக்கு அல்ல, பொது வார்டு கணக்கு.) ஆக நமக்கு வராமல் இல்லை. நாம் தேடாமல் இருந்தோம்.

என் புள்ளி எத்தனை?

இங்கிலாந்தின் ராயல் மகப்பேறு கல்லூரி 2015-ல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு பட்டியல் இருக்கிறது. வயது 35-க்கு மேலா, 1. பிஎம்ஐ 30 அல்லது மேலா, 1. ஐவிஎஃபா, 1. இரட்டைக் குழந்தையா, 1. பெரிய நரம்புச்சுருட்டு, 1. அசையாமல் கிடப்பது அல்லது நீர் வற்றுவது, 1. விடாத வாந்தி வந்து ஆஸ்பத்திரி போனால், 3. முன்பே கட்டி வந்திருந்தால் பெரும்பாலும் 4. கூட்டிப் பார்த்து 4 வந்தால் ஆரம்பத்திலிருந்தே ஊசி. 3 வந்தால் 28-வது வாரத்திலிருந்து. பிரசவத்துக்குப் பிறகு மறுபடி கூட்ட வேண்டும், சிசேரியன் என்றால் அதற்கும் புள்ளி சேரும். 2 வந்தாலே குறைந்தது பத்து நாள் ஊசி.

என் கணக்கு: வயது 1, எடை 1, ஐவிஎஃப் 1. மூன்று. 28-வது வாரம் எனக்குத் தடுப்பு ஊசி ஆரம்பித்திருக்க வேண்டும். அன்பாகக் கட்டிலில் போட்டு வைத்து நாலாவது புள்ளியையும் நாங்களே சேர்த்தோம். 29-வது வாரம் காரில் ஏறினேன். ஐந்து நிமிஷத்தில் ஒரு கேள்வித்தாளை நிரப்பியிருந்தால் போதும், நிரப்பவில்லை. எத்தனை லட்சம் கட்டி அந்தக் குழந்தையை வாங்கினோம், கேட்க வேண்டிய அஞ்சு கேள்வியை யாரும் கேட்கவில்லை!

அண்ணாச்சி சொல்வதிலும் பாதி நியாயம் உண்டு

இதை எழுதாவிட்டால் நானும் ஃபார்வர்டு கோஷ்டிதான். இந்த ஊசி வேண்டாத இடத்தில் நிறையப் போடப்படுகிறது. "குழந்தைக்கு ரத்த ஓட்டம் கூடும்", "கரு நிக்கும்" என்று எழுதிக் கொடுக்கிறார்கள். ரத்தம் உறையும் பரம்பரைக் குறைபாடும் அடுத்தடுத்துக் கருச்சிதைவும் உள்ள பெண்களுக்காவது பயன்படுமா என்று ஆலைஃப்2 என்ற சோதனை நடந்தது. 2023-ல் லான்செட்டில் முடிவு வந்தது. ஊசி போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்குக் குழந்தை, போடாதவர்களில் 71. அதாவது ஒரு பலனும் இல்லை. கொள்ளை என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில் நானும் கூட நிற்பேன்.

ஆனால் அதற்குப் பதில் ஊசியை ஒழிப்பது இல்லை. "எனக்கு எதுக்கு இது, என் புள்ளி என்ன?" என்று கேட்பதுதான். காரணம் சொல்ல முடியாத டாக்டரிடம் ஊசியையும் வாங்காதீர்கள், "எல்லாருக்கும் வர்றதுதான்" என்ற ஆறுதலையும் வாங்காதீர்கள். தேவையில்லாதவளுக்குக் குத்துவதும், தேவையுள்ளவளுக்குக் குத்தாமல் விடுவதும் ஒரே வியாதி. இரண்டிலும் யாரும் கணக்குப் போடவில்லை.

சிடி எடுத்தால் பிள்ளைக்கு ஆகாதா?

அன்று ராத்திரி சிடி அறை வாசலில் எங்கள் வீட்டில் பெரிய சண்டை. "எட்டு வருசம் காத்திருந்து இப்ப கதிர்வீச்சு காட்டுறதா?" என்று அத்தை அழ, ரங்கமணி கையெழுத்துப் போடாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்தச் சின்ன டாக்டர் பொறுமையாகச் சொன்னாள், அம்மா பிழைத்தால்தானே பிள்ளை?

கணக்கு இப்படி: நெஞ்சில் எடுக்கும் இந்த சிடியில் குழந்தைக்குப் போய்ச் சேரும் கதிர்வீச்சு 0.01 முதல் 0.66 மில்லிகிரே வரை. ஒன்றும் எடுக்காமல் வீட்டில் இருந்தாலே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் கர்ப்ப காலத்தில் சுமார் 1 மில்லிகிரே கிடைக்கிறது. கருவுக்குக் கேடு வரலாம் என்று பேசத் தொடங்குவதே 50 மில்லிகிரேக்கு மேல். இதை அமெரிக்க மகப்பேறு டாக்டர்கள் சங்கமே எழுதி வைத்திருக்கிறது. பயப்பட வேண்டியது படத்துக்கு அல்ல, படம் எடுக்காமல் விடுவதற்கு.

ஊசி பிள்ளைக்குப் போகாதா? ஹெப்பாரினும் அதன் வழி வந்த ஈனாக்ஸாபரினும் நஞ்சுக்கொடியைத் தாண்டுவதில்லை. தாண்டுவது வார்ஃபரின் மாத்திரை. அதனால்தான் அதைக் கர்ப்பத்தில் தவிர்க்கிறார்கள், ஆனால் பால் கொடுக்கும்போது சாப்பிடலாம். புதிதாக வந்திருக்கும் ரிவரோக்ஸபன், அபிக்ஸபன் மாத்திரைகள் கர்ப்பத்திலும் கூடாது, பால் கொடுக்கும்போதும் கூடாது. வீட்டில் மாமாவுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை இருக்கிறதே என்று யாரும் கை வைக்க வேண்டாம். இன்னொன்று, இந்த ஊசி மருந்து பன்றிக் குடலிலிருந்து எடுப்பது. சைவக்காரர்கள் சிலர் இதைக் கேட்டுத் தயங்குவார்கள். சொல்லாமல் மறைப்பதைவிடச் சொல்லிவிட்டு முடிவெடுப்பது நல்லது. நான் எடுத்த முடிவு உங்களுக்குத் தெரியும் :-)

பிறகு நடந்தது

கட்டி வந்தபின் போடும் ஊசியின் அளவு எடையைப் பொறுத்தது. கிலோவுக்கு ஒரு மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை என்பது வழக்கமான கணக்கு. தடுப்புக்குப் போடுவது இதைவிடக் குறைவு. ரத்த அழுத்தமே விழுந்து உயிர் ஊசலாடும் நிலையில்தான் கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்கிறார்கள், அதில் ரத்தப்போக்கு ஆபத்து உண்டு. எனக்கு அது தேவைப்படவில்லை. ரங்கமணிதான் தினம் காலையும் ராத்திரியும் ஊசி போட்டார். முதல் நாள் அவர் கை நடுங்கியதில் எனக்கு வலித்ததைவிட அவருக்குத்தான் அதிகம் வலித்திருக்கும். வயிறு முழுக்க நீலம் நீலமாக.

38-வது வாரம் நாள் குறித்துப் பிரசவம். முதுகில் மயக்க ஊசி போட வேண்டுமானால் கடைசி ஊசி போட்டு 24 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். அதனால் திட்டம் போட்டுத்தான் செய்ய முடியும். வலி வந்ததும் ஓடிப் போவோம் என்பதெல்லாம் இதில் நடக்காது. பையன் 2.7 கிலோ. பிறகும் ஆறு வாரம் ஊசி. மொத்தத்தில் சிகிச்சை மூன்று மாதத்துக்குக் குறையக்கூடாது. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ இருநூறு ஊசி.

நாற்பது நாள் படுக்கையும் பத்தியமும்

வெளியூரில் இருக்கும் நம் குடும்பங்களுக்கென்றே ஒரு தனி ஆபத்து உண்டு. வைட்ஃபீல்டில் ஏழு மாசம் பார்க்கிறோம், வளைகாப்பு முடிந்து ஊரில் தங்கிவிடுகிறோம், அங்கே வேறு டாக்டர் பிரசவம் பார்க்கிறார். இங்கே போட்ட புள்ளி அங்கே போவதில்லை, அங்கே செய்த சிசேரியன் விவரம் இங்கே வருவதில்லை. நடுவில் ஒரு ப்ளாஸ்டிக் பையில் கசங்கிய ஸ்கேன் பேப்பர். இரண்டு டாக்டர் இருந்தும் அவள் யாருடைய நோயாளியும் இல்லை.

அதன் பிறகு பிள்ளை பெற்ற உடம்பென்று நாற்பது நாள் படுக்கை. தண்ணி குடித்தால் வயிறு போடும் என்று தண்ணியையும் குறைப்பார்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவம் சிசேரியன், கர்நாடகாவில் 31.5. வயிற்றைக் கிழித்த உடம்பு, அசையாத படுக்கை, நீர் வற்றிய ரத்தம், மிக ஆபத்தான ஆறு வாரம். நாலும் ஒரே அறையில். கவனிப்பு என்ற பெயரில் கட்டி விளைய நிலம் பண்படுத்துகிறோம். உதவிக்கு ஆள் வேண்டும், எண்ணெய்க் குளியலும் பூண்டுக் குழம்பும் வேண்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் தண்ணி கொடுங்கள். நடக்க விடுங்கள்.

சரி, என்ன செய்யலாம்?

முதல் விசிட்டிலேயே கேளுங்கள்: "டாக்டர், எனக்கு ரத்தக்கட்டி வர எவ்வளவு ரிஸ்க், எத்தனை புள்ளி?" பிரசவம் முடிந்த அன்று மறுபடி கேளுங்கள். பதிலை ஃபைலில் எழுதச் சொல்லுங்கள்.

குடும்பத்தில் யாருக்காவது கட்டி வந்திருந்தால், குடும்பக் கௌரவம் பார்க்காமல் சொல்லுங்கள்.

காரணம் சொல்லாத படுக்கை ஓய்வை ஏற்காதீர்கள்.

ஊருக்குப் போக வேண்டுமானால் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது இறங்கி நடங்கள். தண்ணி குடியுங்கள். பாத்ரூம் தேடுவது வண்டி ஓட்டுகிறவர் வேலை.

ஒரு கால் மட்டும் வீங்கினால், வலித்தால், நீவ வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி. திடீர் மூச்சுத் திணறல், மூச்சு இழுத்தால் நெஞ்சில் குத்தல், இருமலில் ரத்தம், மயக்கம், படபடப்பு, இதில் ஏதாவது ஒன்று வந்தாலும் 108. போய், "கேஸ்" என்று சொன்னால், "பல்மனரி எம்பாலிசம் இல்லைன்னு எப்படி முடிவு பண்ணீங்க?" என்று கேளுங்கள். மரியாதையாகத்தான் கேளுங்கள், ஆனால் பதில் வரும் வரை எழுந்திருக்காதீர்கள்.

ஏற்கெனவே வந்து பிழைத்தவர்கள், அடுத்த கர்ப்பத்தில் முதல் நாளே சொல்ல வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை நமக்கு இல்லை.

நேற்று அண்ணாச்சி வீட்டுக்கே போய்விட்டேன். மகள் ஊசி டப்பாவைப் பிரிக்காமல் ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருந்தாள். அவளுக்கு ஊசி வேண்டுமா வேண்டாமா என்று நான் சொல்லவில்லை, அதைச் சொல்ல நான் டாக்டர் இல்லை. உட்கார்ந்து புள்ளி மட்டும் போட்டோம். இரட்டைக் குழந்தை 1, முந்தைய மாதம் வாந்தி நிற்காமல் மூன்று நாள் ட்ரிப்ஸ் ஏற்றிய கதை அப்போதுதான் வெளியே வந்தது. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு இன்று சாயங்காலம் அப்பாவும் மகளுமாக டாக்டரைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். அண்ணாச்சி கிளம்பும்போது, "ஏம்மா, அந்த ஃபார்வர்டை அழிக்கிறது எப்படி?" என்று கேட்டார்.

நாள் கடந்துவிட்டதால் எல்லோருடைய போனிலிருந்தும் அழிக்க முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. இதையும் ஃபார்வர்டு செய்யுங்கள்.

பி.கு: நான் டாக்டர் இல்லை, டெஸ்டர். பிழை கண்டுபிடிப்பதுதான் தொழில். மேலே சொன்ன எதையும் வைத்து நீங்களாக ஊசியை ஆரம்பிக்கவோ நிறுத்தவோ வேண்டாம். கேள்வி கேட்க மட்டும் பயன்படுத்துங்கள்.